மைக் பாஸ், அறை ஃபெயில்: என் முதல் வீட்டு ரெக்கார்டிங் செட்

வீட்டிலேயே குரல் பதிவு செய்ய என்ன வாங்கலாம் என்று தேடினால் பத்துப் பேர் பத்துப் பட்டியல் கொடுக்கிறார்கள், எல்லாப் பட்டியலிலும் மைக்தான் முதல் வரியில் நிற்கிறது. என்னிடம் இப்போது இருப்பது இவ்வளவுதான்: மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியாக ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 நான்காம் தலைமுறை இன்டர்ஃபேஸ், ஆடியோ டெக்னிகா ஏடி2020 கன்டென்சர் மைக், அதோடு ஷூர் எஸ்எம்58, ஏடிஹெச்-எம்20எக்ஸ் ஹெட்ஃபோன், ஒரு ஸ்டாண்ட், வாய்க்காற்றைத் தடுக்க ஒரு பாப் ஃபில்டர், இரண்டு கேபிள், மென்பொருளுக்கு ரீப்பர். பெரும்பாலும் கதை வாசிப்பு, இடையிடையே பாட்டு, கூடவே ஒரு கிட்டார். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இத்துடன் கிளம்பலாம்: இன்டர்ஃபேஸ் அருமை, ஏடி2020 நல்ல மைக்தான் ஆனால் சாதாரண அறையில் பதிவு செய்யப்போகிறவருக்கு முதல் மைக்காக அதைச் சொல்ல மாட்டேன், எஸ்எம்58-ஐச் சொல்வேன், ஹெட்ஃபோன் போதும், ஸ்டாண்டில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

யுஎஸ்பி மைக் ஒன்றை வாங்கி நேராக லேப்டாப்பில் செருகினால் ஆகாதா என்று கேட்கலாம். தாராளமாக ஆகும். ஒரே ஆள், ஒரே குரல், அவ்வப்போது ஒரு பாட்காஸ்ட், வேறு ஆசை எதுவும் இல்லை என்றால் அதுவே போதும். சிக்கல் இரண்டாவது ஆள் எதிரில் வந்து உட்காரும்போதுதான் தொடங்கும். ஒவ்வொரு யுஎஸ்பி மைக்கும் கணினிக்குத் தனியொரு சாதனம். இரண்டை ஒன்றாக ஓட்டப் பார்த்தால் பெரும்பாலான மென்பொருள்கள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்று நிற்கும், எப்படியோ சமாளித்து ஓட்டினாலும் இரண்டின் உள்கடிகாரமும் தனித்தனி என்பதால் நீண்ட பதிவில் ஒரு குரல் மற்றதைவிட மெல்லப் பின்தங்கும். நடுவழி வேண்டுமென்றால் சாம்சன் க்யூ2யூ போன்றவை இருக்கின்றன. அதில் யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (மைக்குகளுக்கான மூன்று ஊசி இணைப்பு) இரண்டும் உண்டு, இன்று லேப்டாப்பில் செருகிவிட்டு இன்டர்ஃபேஸ் வாங்கும் நாளில் அதே மைக்கை அதில் மாட்டிக்கொள்ளலாம். தயங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு நான் காட்டுவது அந்த வழியைத்தான்.

சரி, இன்டர்ஃபேஸ். மைக்கிலிருந்து வருவது மிக மெல்லிய மின்சாரம், அதைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுத்து, கணினி திருப்பித் தருவதை மீண்டும் ஒலியாக ஹெட்ஃபோனுக்கு அனுப்புவதுதான் இந்தச் சிவப்புப் பெட்டியின் வேலை. 2ஐ2 என்றால் உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. 2011-இல் முதல் தலைமுறை வந்தது, என்னிடம் இருப்பது 2023-இல் வந்த நான்காவது. தனியாக அடாப்டர் வேண்டாம், யுஎஸ்பி வழியே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். முதல் தடவை செருகியதும் பென் டிரைவ் போல ஒரு சின்ன ஃபோல்டர் திரையில் தெரியும், அதற்குள் இருக்கும் இணைப்பைத் திறந்தால் மென்பொருள் இறக்கும் பக்கத்துக்குப் போகும். விண்டோஸ்காரர்கள் நிறுவனம் தரும் டிரைவரைக் கட்டாயம் போட்டுவிடுங்கள், ரெக்கார்டிங் மென்பொருளில் ஏசியோ என்று தெரிவதையே தேர்ந்தெடுங்கள். மேக்கில் அந்த வேலை இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கெயின் விஷயம். மைக்கை எவ்வளவு பெருக்குவது என்பதுதான் கெயின், புதிதாக வருபவர்கள் எல்லாரும் தடுமாறும் இடமும் இதுதான். ஆட்டோ கெயின் என்றொரு பொத்தான் இருக்கிறது, அழுத்திவிட்டுப் பத்து விநாடி பேசினால் அளவைத் தானே வைத்துக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை, சோதனைக்குப் பேசும்போது எல்லாருக்கும் குரல் உள்ளே போய்விடும், உண்மையில் வாசிக்கத் தொடங்கியதும் ஏறிவிடும். அதனால் கதையில் சண்டை வரும் பத்தியையோ பாட்டின் உச்ச வரியையோ அந்தப் பத்து விநாடியில் பாடிக் காட்டுங்கள், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணாதீர்கள். கிளிப் சேஃப் என்று இன்னொரு பொத்தான், குரல் எகிறி உடையப்போகும்போது கெயினைத் தானாகக் குறைத்துவிடும். அதை எப்போதும் ஆன் செய்தே வைத்திருக்கிறேன். குமிழைச் சுற்றி ஒரு ஒளிவளையம் இருக்கிறது, பச்சை என்றால் நிம்மதி, ஆரஞ்சு என்றால் எல்லை, சிவப்பு என்றால் அந்த எடுப்பு போச்சு.

அளவு எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டால், மீட்டரின் உச்சி பூஜ்ஜியம், உச்சமாக ஏறும் இடத்திலும் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் நல்லது. மீட்டர் பாதிதானே ஏறியிருக்கிறது, ஒலி தரம் குறைந்துவிடுமோ என்று பயம் வரும். குறையாது. 16 பிட் பதிவில் மிக மெல்லியதுக்கும் மிக உரத்ததுக்கும் நடுவே கணக்குப்படி 96 டெசிபல் இடம் இருக்கிறது, 24 பிட்டில் அது 144. எந்த வீட்டு அறையின் இரைச்சலும் அந்த அடித்தளத்துக்கு வெகு மேலேயே கிடக்கும், ஆகவே 24 பிட்டில் வைத்துவிட்டுக் கொஞ்சம் அடக்கமாகவே பதியுங்கள், பிறகு மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். சிறிய குரலை ஏற்றலாம், உடைந்த குரலை ஒட்ட முடியாது.

பெட்டியின் மேல் 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஒலியை விநாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பதுதான் அது. மறந்துவிடுங்கள். வீடியோவுக்குப் போகும் குரல் என்றால் 48, வெறும் ஒலி என்றால் 44.1 அல்லது 48, ஏதாவது ஒன்றில் நிலையாக இருங்கள். இரண்டையும் குழப்பினால் வேடிக்கையாகிவிடும், 44.1-இல் பதிந்ததை 48 என்று நினைத்து ஓட்டினால் குரல் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் மேலே போய், வேகமும் கூடி, சின்னப் பையன் பேசுவதுபோல ஆகிவிடும். இன்டர்ஃபேஸிலும் மென்பொருளிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பதிவுக்கு முன் ஒரு பார்வை பார்த்துவிட்டால் முடிந்தது.

அடுத்தது தாமதம். பாடும்போது உங்கள் குரல் ஹெட்ஃபோனில் கொஞ்சம் பிந்திக் கேட்டால் பாட்டு நொண்டும். குரல் கணினிக்குள் போய்த் திரும்பி வருவதால் வருவது அது. கணினி ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்துவைத்துக் கையாளும் என்பதுதான் பஃபர், அதை 256 என்று வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் அது மட்டுமே 5.3 மில்லிசெகண்ட், அதுவும் ஒரு வழிக்கு, திரும்பி வரவும் நேரம், நடுவே மாற்றும் வேலைக்கும் நேரம். பஃபரைக் குறைத்தால் தாமதம் குறையும், லேப்டாப் திணறும், சடசடவென்று சத்தம் வரும். இதற்கெல்லாம் மருந்து டைரக்ட் மானிட்டர் பொத்தான், குரல் கணினிக்குள் போகாமலே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். அதை ஆன் செய்த பிறகும் குரல் இரண்டாகக் கேட்கிறதே என்றால், மென்பொருளிலும் அந்த டிராக்கின் மானிட்டர் திறந்தே இருக்கிறது என்று பொருள், அங்கே அதை அணைத்துவிடுங்கள். புதியவர்கள் இன்டர்ஃபேஸ் பழுது என்று திருப்பி அனுப்பும் புகார்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

குறை சொல்ல வேண்டுமே. இந்தத் தலைமுறையில் மைக் செருகும் இரண்டு வாயும் பின்பக்கம் போய்விட்டன. மேசை பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் என்னைப் போல அடிக்கடி மைக் மாற்றுபவருக்குப் பெட்டியைத் திருப்பித் திருப்பியே கை ஓய்ந்துவிடும். ஹெட்ஃபோன் வாய் ஒன்றுதான், எதிரில் உட்காருபவருக்குத் தனியாக ஒரு வழி பார்க்க வேண்டும். ஏர் என்று ஒரு பொத்தான், குரலின் மேல்பகுதியைப் பளிச்சென்று ஆக்கும். ஏடி2020 ஏற்கெனவே பளிச் ரகம் என்பதால் அதனுடன் சேர்த்தால் ச, ஸ, ஷ எல்லாம் காதைக் கீறும். எஸ்எம்58-உடன் பொருந்துகிறது. எப்போதும் ஒரே ஒரு மைக்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் இதன் தம்பி ஸ்கார்லெட் சோலோவே போதும், ஆனால் அதில் ஆட்டோ கெயினும் கிளிப் சேஃபும் கிடையாது, புதியவருக்கு மிகவும் உதவுவதே அவை இரண்டும்தான் என்பதால் நான் 2ஐ2 பக்கமே சாய்வேன். மோட்டு எம்2 என்ற இன்டர்ஃபேஸில் முகப்பிலேயே திரை இருக்கிறது, அளவு ஏறி இறங்குவதை அதிலேயே பார்க்கலாம், கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும் என்பவர்கள் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

இப்போது மைக், இங்கேதான் சண்டை. கன்டென்சர் மைக் அறைச் சத்தத்தை எல்லாம் இழுக்கும், எஸ்எம்58 போன்ற டைனமிக் வகை இழுக்காது என்று எல்லா இடத்திலும் எழுதிவைத்திருக்கிறார்கள். பாதி உண்மை. ஏடி2020-உம் எஸ்எம்58-உம் இரண்டுமே கார்டியாய்டு, அதாவது முன்னால் இருப்பதைக் கேட்டுப் பின்னால் இருப்பதைத் தள்ளும் வகை. இரண்டையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரல் ஒரே அளவில் வரும்படி கெயினைச் சரிசெய்துவிட்டால், அறை ஏறக்குறைய ஒரே அளவில்தான் விழும். கன்டென்சருக்கு வெளியீடு அதிகம் என்பது மட்டும் உண்மை. ஒரே சத்தத்துக்கு ஏடி2020 14.1 மில்லிவோல்ட் தருகிறது, எஸ்எம்58 1.85 தருகிறது, கிட்டத்தட்ட 18 டெசிபல் வித்தியாசம், அதைக் கெயின் குமிழ் ஈடுகட்டிவிடும். அப்படியானால் நடைமுறையில் ஏன் எஸ்எம்58-இல் அறை குறைவாகக் கேட்கிறது? ஏனென்றால் அதை வாயோடு ஒட்டிவைத்துப் பேசுகிறோம். கன்டென்சரை ஒரு சாண் தள்ளி வைக்கிறோம். இதோடு, கன்டென்சர் மேல்சுரங்களை 20,000 ஹெர்ட்ஸ் வரை விரித்துக் காட்டும், எஸ்எம்58 15,000-த்தோடு நின்றுவிடும், ஆகவே விசிறியின் உஸ் சத்தம் ஒன்றில் கூசும், மற்றதில் மழுங்கும்.

தூரம் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் இறங்கும். 5 சென்டிமீட்டரில் பேசியவர் 20-க்குத் தள்ளி உட்கார்ந்தால் 12 டெசிபல் போச்சு. குரலைப் பழைய அளவுக்குக் கொண்டுவர கெயினை 12 ஏற்றுவீர்கள், கூடவே விசிறி, தெருவில் போகும் வண்டி, சுவரில் பட்டுத் திரும்பும் உங்கள் குரல் எல்லாமே 12 ஏறும். எந்த மைக் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது, ஒரு சாணில் இருந்து நாலு விரலுக்கு நெருங்கி வருவது விலை உயர்ந்த மைக் ஒன்றைவிட அதிகம் செய்யும். அதனால்தான் முதல் மைக்காக எஸ்எம்58 என்கிறேன், அது நெருங்கி வந்தால்தான் வேலை செய்யும், ஆகவே நல்ல பழக்கத்தை வலுக்கட்டாயமாகக் கற்றுக்கொடுத்துவிடும். 1966 முதல் மேடைகளில் கிடக்கும் மைக், கீழே விழுந்தாலும் எழுந்து வேலை செய்யும் என்ற பேர் சும்மா வந்ததில்லை.

நெருங்குவதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. கார்டியாய்டு மைக்கை நெருங்க நெருங்க அடிக்குரல் தடிக்கும். வானொலி அறிவிப்பாளர் குரல் வேண்டும் என்பவர்களுக்கு அது வரம், வேண்டாதவர்கள் மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, தேவைப்பட்டால் 150, 200 பக்கம் லேசாகக் குறைத்தால் சரியாகிவிடும். ஆனால் வாசிக்கும் நேரம் முழுக்கத் தலை அசையாமல் இருக்க வேண்டும், முன்னே வந்தால் கனத்தும் பின்னே போனால் மெலிந்தும் குரல் ஊசலாடினால் கேட்பவருக்குப் படகில் போவதுபோல இருக்கும்.

எஸ்எம்58-க்குக் கெயின் நிறைய வேண்டும். 2ஐ2 நான்காம் தலைமுறையில் 69 டெசிபல் வரை இருக்கிறது, மெல்லப் பேசும் கதை வாசிப்புக்கும் குமிழ் கடைசி வரை போக வேண்டியதில்லை. சோலோவில் 57, பாடுபவருக்குப் போதும், முணுமுணுப்பவருக்கு விளிம்பு. ஷூரின் பிரபலமான எஸ்எம்7பி மைக் இன்னும் கேட்கும், ஷூரே குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்கிறது, ஆகவே வீடியோவில் எல்லாரும் வைத்திருக்கிறார்களே என்று அதை வாங்கிவந்து பழைய இன்டர்ஃபேஸில் மாட்டிவிட்டுக் குரல் வரவில்லையே என்று புலம்பாதீர்கள்.

ஏடி2020-ஐ மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கிட்டாருக்கு நான் எடுப்பது அதைத்தான், பன்னிரண்டாம் கட்டை பக்கம் பார்த்து ஒரு சாண் தள்ளி வைத்தால் நரம்பின் மினுமினுப்பு அப்படியே வருகிறது, எஸ்எம்58-இல் அது வராது. பாட்டிலும், அறை ஒத்துழைத்தால், வித்தியாசம் தெரியும். மைக்கின் சொந்த இரைச்சல் 20 டெசிபல் என்று நிறுவனமே போடுகிறது, ரோடு நிறுவனத்தின் என்டி1 போன்ற மைக்குகள் 4, 5 என்ற அளவில் இருக்கின்றன. ஆனால் அமைதியான வீட்டு அறையே 30 பக்கம் இருக்கும் என்பதால் பேச்சுக்கு அந்த வித்தியாசம் பெரும்பாலும் அறைச் சத்தத்தில் மறைந்துவிடும். ஏடி2020-க்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது இன்டர்ஃபேஸ் கேபிள் வழியே மைக்குக்கு அனுப்பும் மின்சாரம், கட்டாயம், கேபிளை மாட்டியபின் பொத்தானை அழுத்துங்கள், கழற்றும் முன் அணைத்துச் சில விநாடி பொறுங்கள். மறதியில் எஸ்எம்58-க்கும் 48 போய்விட்டால் ஒன்றும் ஆகாது, பழைய ரிப்பன் மைக்குகளிடம்தான் எச்சரிக்கை வேண்டும். இன்னொன்று: ஏடி2020-க்குப் பேச வேண்டியது பக்கவாட்டில், சின்னம் பொறித்த பக்கம் பார்த்து. உச்சியைப் பார்த்துப் பேசி விட்டுக் குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிறது என்று குறை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எஸ்எம்58-க்கு நேர்மாறு, உச்சிதான் வாய். அதன் பந்தைக் கையால் பொத்திப் பிடித்தால் பின்சத்தத்தைத் தள்ளும் குணமே போய்விடும்.

பெட்டிக்குள் என்ன இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏடி2020-உடன் ஒரு மைக் தாங்கி, ஒரு மரை மாற்றி, ஒரு பை வருகிறது, கேபிள் வராது. எஸ்எம்58-உடன் கிளிப்பும் பையும் வரும், சாதாரண வகையில் கேபிள் வராது. இன்டர்ஃபேஸுடன் யுஎஸ்பி கேபிள் வரும், மைக் கேபிள் வராது. எல்லாப் பெட்டியும் வந்து சேர்ந்து, மேசையில் பரப்பிவைத்துவிட்டு, ஒன்றையும் இன்னொன்றோடு இணைக்க முடியாமல் உட்காரும் நிலை வேண்டாமென்றால் மூன்று மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள் ஒன்றைச் சேர்த்தே வாங்குங்கள். மூன்று ஓட்டை உள்ள முனை மைக்குக்கு, மூன்று ஊசி உள்ள முனை பெட்டிக்கு. ஒரு முனையில் எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் கிட்டார் கேபிள் போன்ற தடித்த ஊசி உள்ள ரகம் ஒன்றும் விற்கிறது, கரோக்கி மைக்குகளோடு வருவது அதுதான். அது வழியே 48 வோல்ட் போகாது, கன்டென்சர் மைக் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும். தங்க முலாம், ஆக்சிஜன் இல்லாத செம்பு என்ற பேச்செல்லாம் மூன்று மீட்டருக்கு வீண். உள்ளே ஒரே சமிக்ஞை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் போய், வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சல் கடைசியில் ஒன்றையொன்று கழித்துவிடும் அமைப்பு அது, சாதாரணக் கேபிளே அந்த வேலையைச் செய்யும். முனைகள் உறுதியா, அசைத்தால் கரகரக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஸ்டாண்டுக்கு வருவோம். மேசை விளிம்பில் கவ்வும் கை வகை ஒன்றை முதலில் வைத்திருந்தேன், பேர் வேண்டாம். எஸ்எம்58 298 கிராம், ஏடி2020 345 கிராம், இரண்டுமே பெரிய எடை இல்லை, ஆனாலும் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கை மெல்லத் தலைகுனிந்து மூன்றாம் பக்கம் வருவதற்குள் மைக் என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைவிட மோசம், மேசையில் தட்டினால், மவுஸை வைத்தால், லேப்டாப் விசிறி ஓடினால் எல்லாம் இரும்பு வழியே ஏறிப் பதிவில் டும் டும் என்று விழும். தரையில் நிற்கும் மூன்றுகால் ஸ்டாண்டுக்கு மாறியதும் அந்தத் தொல்லை போனது. காலை அகல விரித்து, ஒரு கால் மைக் தொங்கும் திசையில் இருக்கும்படி வைத்தால் சாயாது. மரை இரண்டு அளவில் வரும், எட்டில் ஐந்து அங்குலம், எட்டில் மூன்று அங்குலம், அந்தச் சின்ன மரை மாற்றியைத் தொலைத்துவிட்டால் அன்றைக்கு வேலை நின்றது.

பாப் ஃபில்டர் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. துணி வகையே போதும், மைக்கிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். ப வரும் இடமெல்லாம் காற்று குண்டு வெடித்தால், ஃபில்டரைவிட நல்ல வழி, மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்து ஓரமாகத் திருப்பி வைப்பது. காற்று நேரே போகும், குரல் எல்லாப் பக்கமும் போகும்.

ஹெட்ஃபோனுக்கு எம்20எக்ஸ். காதை மூடும் வகை, அது முக்கியம், திறந்த வகை என்றால் உள்ளே ஓடும் தாளம் கசிந்து மைக்கில் விழும். கேபிள் மூன்று மீட்டர், கழற்ற முடியாது, நாற்காலிச் சக்கரம் ஒரு தடவை ஏறினால் முழு ஹெட்ஃபோனுக்கும் ஆபத்து. அந்தப் பயம் இருப்பவர்கள் எம்40எக்ஸ் எடுங்கள், அதில் கேபிளைக் கழற்றலாம். புளூடூத் ஹெட்ஃபோனைப் பதிவுக்கு நினைக்கவே வேண்டாம், தாமதம் பாடவிடாது. ஸ்பீக்கர் வாங்கும் ஆசையைக் கொஞ்ச நாள் ஒத்திப்போடலாம்.

அறைக்கு இப்போதுதான் வருகிறேன், பட்டியல்களில் இது இருக்கவே இருக்காது. வெறும் சுவர், வழவழ தரை, கண்ணாடி ஜன்னல் உள்ள அறையில் நடுவில் நின்று ஒரு கைத்தட்டு தட்டுங்கள். டிங் என்று ஒரு வால் நீண்டால், எந்த மைக்கும் அந்த வாலோடுதான் பதியும், அதை மென்பொருளில் சுத்தமாக எடுக்க வழியில்லை. அடுத்து எல்லாரும் ஓடுவது கறுப்பு ஃபோம் சதுரங்களுக்கு. ஐந்து சென்டிமீட்டர் ஃபோம் சுவரோடு ஒட்டினால் ஏறத்தாழ 1,700 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஒழுங்காக உறிஞ்சும், ஏனென்றால் ஒலியின் அலைநீளத்தில் கால்பங்காவது தடிமன் வேண்டும். ஆண் குரலின் அடி 100 ஹெர்ட்ஸ் பக்கம், அதன் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், கால்பங்கு என்றால் 85 சென்டிமீட்டர். ஆக ஃபோம் ஒட்டிய அறையில் பளபளப்பு செத்து, கீழே உள்ள கும் சத்தம் அப்படியே நிற்கும், பெட்டிக்குள் இருந்து பேசுவதுபோல. முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

காசில்லாமல் கிடைப்பதே இங்கே நன்றாக வேலை செய்கிறது. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். முதுகை என்பதைக் கவனியுங்கள், முகத்தை அல்ல. மைக்கின் காது உங்களை நோக்கித் திறந்திருக்கிறது, உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான் அது பார்க்கிறது, மெத்தை, கனமான போர்வை, புத்தக அடுக்கு எல்லாம் அங்கே இருக்க வேண்டும். மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாக வைக்கும் கேடயம் போன்ற ஒரு பொருள் விற்கிறார்களே, கார்டியாய்டு மைக் ஏற்கெனவே கேட்காத திசையில் போய் அது காவல் நிற்கிறது, எனக்கு அதில் பெரிதாக நம்பிக்கை இல்லை. இதே காரணத்தால் லேப்டாப்பை மைக்கின் முதுகுப்பக்கம் வையுங்கள், அதன் விசிறி அடங்கிவிடும். அறை மின்விசிறியை மட்டும் அணைத்தே ஆக வேண்டும், அதற்கு மாற்று கிடையாது, ஒரு பத்தி வாசித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த பத்தி, அவ்வளவுதான். அறையின் சரியான நடுவிலும் மூலையிலும் உட்காராதீர்கள், அடிச்சுரம் அங்கேதான் விளையாட்டு காட்டும்.

மென்பொருள் பற்றிச் சண்டை போட ஒன்றும் இல்லை. வாசிப்புக்கு மட்டும் என்றால் ஆடாசிட்டி இலவசம், 2000-இல் இருந்து இருக்கிறது, வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடும். பல டிராக், பாட்டு, கிட்டார் என்றால் ரீப்பர், 60 நாள் எந்தப் பூட்டும் இல்லாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பழைய லேப்டாப்பிலும் லேசாக ஓடுகிறது. முகம் அழகில்லை, பழகிவிடும். மேக் இருந்தால் கராஜ்பேண்ட் கையிலேயே இருக்கிறது. இன்டர்ஃபேஸோடு ஏபிள்டன் லைவ் லைட் போன்றவை இலவசமாக வருகின்றன, எல்லாவற்றையும் நிறுவி ஒரு மாலையை வீணாக்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். பதிவை வேவ் கோப்பாகவே வையுங்கள், 24 பிட் 48-இல் ஒற்றைக் குரல் நிமிடத்துக்கு 9 எம்பிகூட வராது, எம்பி3 ஆக்குவது கடைசி வேலை. தொடங்கும் முன் பேசாமல் பத்து விநாடி வெறும் அறையைப் பதிந்துகொள்ளுங்கள், இரைச்சல் நீக்கும் கருவிக்கு மாதிரியாக அது வேண்டும். அந்தக் கருவியை ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள், கூடினால் குரல் தண்ணீருக்கடியில் போய்விடும். பாட்காஸ்டாக வெளியிடுபவர்கள் முழுச் சத்தத்தை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (சராசரி சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் வைத்தால் ஆப்பிள் சொல்லும் அளவுக்குச் சரியாக வரும்.

எஸ்எம்58 வாங்க முடிவு செய்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உலகத்திலேயே அதிகம் போலி வரும் மைக்குகளில் இது ஒன்று, பெட்டி, பை, சின்னம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். நம்பகமான விற்பனையாளரிடமே வாங்குங்கள், நம்ப முடியாத விலை சொன்னால் நம்பாதீர்கள், கையில் வந்ததும் முதல் வேலையாகத் தராசில் வையுங்கள். 298 கிராம் பக்கம் வர வேண்டும், வெகுவாகக் குறைந்தால் பேசிப் பார்க்கக்கூட வேண்டாம், அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.